கணவாய் என்னும் சொல்

இராஜபாளையத்திலேனும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேனும் நின்று மேற்கே நோக்குவார்க்கு மலைத்தொடர் ஒரு நெடுமதில் போலத் தோன்றும். அம்மதிலிற் பிளவுகள் இல்லாமல் இல்லை. அய்யனார் கோயிலருகே ஓடை இறங்கிவரும் பள்ளமும், செண்பகத்தோப்பின் மலையிடுக்குகளும் மிகக் குறுகியனவே. ஆயினும் அவற்றை எவரும் கணவாய் என்று அழைப்பதில்லை. தெற்கே செங்கோட்டைக்கும் ஆரியங்காவிற்கும் இடையே, அவற்றினும் அகன்று கிடக்கும் மலைவழியையே கணவாய் என்கின்றனர். இதற்குக் காரணம் யாது?

வாயில், வாய்க்கால், மடைவாய் முதலிய சொற்களில் 'வாய்' என்பது ஒன்று புகுதற்கோ வெளிப்படுதற்கோ உரிய இடத்தை உணர்த்துகின்றது. கணவாய்க்கும் அதுவே முதல் இலக்கணம்: ஒருபுறத்தினின்று மறுபுறம் செல்ல அஃது இடந்தருதல் வேண்டும். ஓடைப் பள்ளங்களோ மலைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. அருகில் வேறு எளிய வழி இன்மை இரண்டாம் இலக்கணம். குறுமை இவ்விரண்டிற்கும் பிற்பட்டதே.

பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலமுடையது. அதனைக் குறுகியதென்று யார் சொல்வர்? எனினும் மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1766-இல் ஆங்கே கோட்டை எழுப்பினார். கொங்கு நாட்டிலிருந்து மலையாளத்திற்குச் சேனை செல்ல அதனைப்போல் எளிய வழி பிறிதில்லை யன்றோ?

நிலத்திற்குக் கணவாய் எத்தன்மையதோ, கடலுக்கு நீரிணை அத்தன்மையது. பாரசீக வளைகுடாவினின்று கப்பல்கள் வெளியேற ஹோர்முஸ் நீரிணை ஒன்றே வழி. மனிதர் வெட்டிய சூயஸ் கால்வாயோ, 2021-இல் ஒரே கப்பல் குறுக்கே சிக்கியமையால் ஆறு நாள் அடைபட்டது. அப்போது ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் வழி திறந்தே இருந்தது. ஆனால் அது நெடுந்தொலைவு. மாற்றுவழி எவ்வளவு அரிதோ, அவ்வளவு பெரிது வாயிலின் மதிப்பு.

மாற்றுவழி கிடைத்துவிட்டாலோ அம்மதிப்பு குலையும். 1809-இல் வேலுத்தம்பி தளவாயின் படையினர் ஆரல்வாய்மொழிக் கணவாயை அரண்களால் அடைத்துக் காத்துநின்றனர். கும்பினிப் படையின் மேஜர் வெல்ஷ் என்பவர் நேரே வந்து மோதாமல், இரவில் பக்கத்து மலைமீது ஏறி உட்புகுந்தார். வாயிலைக் காத்தவர் மதிலை மறந்தனர், அரண் வீழ்ந்தது.

கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்த இருப்புப்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. திருமங்கலத்தினின்று நம் இரு நகரங்களின் வழியே கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையும் அக்கணவாயையே நாடுகின்றது. ஒரு பெருமழையில் மண் சரிந்து அவ்வழி அடைபடுமாயின், நம் ஊர்ச் சரக்கு வண்டிகள் வடக்கே குமுளிக்கேனும் தெற்கே ஆரல்வாய்மொழிக்கேனும் சுற்றிச் செல்ல நேரும்.

ஆதலின், மாணவ நண்பர்களே, ஓரிடத்தைக் கணவாய் என்று எழுதுமுன் அதன் அகலத்தை மாத்திரம் அளவாதீர்கள். அஃது அடைபட்டால் மக்கள் எவ்வளவு தூரம் சுற்றிச் செல்ல வேண்டும் என்பதையும் அளந்து பாருங்கள். அச்சொல்லின் பொருள் ஆண்டே விளங்கும்.