64 பேருக்கு ஒரு கோர்ட்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 254 கவுன்ட்டிகள் உண்டு. மாநிலத்தின் மேற்கே, நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டி, பேக்கோஸ் ஆற்றங்கரையில் கிடக்கும் வறண்ட பூமிதான் லவிங் கவுன்ட்டி. பரப்பு ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 64. தலைநகரான மென்டோனில், 1935இல் எழுப்பிய செங்கல் கோர்ட் கட்டடம் இன்றும் நிற்கிறது. இத்தனை பேருக்கு ஒரு கோர்ட்டா என்று சிரிக்கத் தோன்றும். கவுன்ட்டி ஆட்களை ஆள மட்டும் ஏற்பட்டதல்ல, நிலத்துக்குக் கணக்கு வைக்கவும்தான் என்று பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

கட்டடத்துக்குள் நடப்பதில் வழக்கு விசாரணை ஒரு பகுதிதான். கவுன்ட்டி ஜட்ஜும் நான்கு கமிஷனர்களும் கொண்ட குழுவுக்குக் கமிஷனர்ஸ் கோர்ட் என்று பெயர்; ஆனால் அது பார்ப்பது பட்ஜெட், ரோடு, வரி. ஜட்ஜ் வக்கீலாக இருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை. சிறிய கவுன்ட்டிகளில் ஒரே கிளார்க் கோர்ட் கட்டுகளையும் பத்திரப் பதிவையும் சேர்த்தே கவனிப்பார். இந்தப் பத்திரப் பதிவில்தான் விஷயமே இருக்கிறது. டெக்சஸில் மேல்மண் ஒருவருக்கும் அடியில் உள்ள எண்ணெய் வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். அடிநில உரிமை தலைமுறைதோறும் பங்காளிகளிடையே துண்டுபட்டு, எங்கெங்கோ வாழும் வாரிசுகளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே எண்ணெய்க் கம்பெனியின் ஆள் குத்தகை எழுதுமுன் வில்லங்கம் பார்க்க வேண்டும்: விற்றவர் பெயர், வாங்கியவர் பெயர், தொகுதி, பக்கம் என்று பின்னோக்கிப் போய்ச் சங்கிலி எங்கும் அறவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். ஆள் இல்லாத பூமியில் காகிதம் மட்டும் குவிவது இப்படித்தான்.

பக்கத்து ரீவ்ஸ் கவுன்ட்டியோடு சேர்த்துவிட்டால் செலவு மிச்சம்தானே என்பார்கள். அதையும் செய்து பார்த்தாயிற்று. 1893இல் கால்வாய் வெட்டிப் பாசனம் தருவதாக வந்த வெளியூர்க்காரர்கள் லவிங்கைத் தனிக் கவுன்ட்டியாக்கினார்கள். தேர்தலில் மோசடி என்று புகார் கிளம்ப, 1897இல் சட்டமன்றமே அதைக் கலைத்து ரீவ்ஸோடு இணைத்தது. 1920களில் எண்ணெய் கிடைத்தது, 1931இல் கவுன்ட்டி மறுபடி உயிர்பெற்றது. நிலத்துக்கு மதிப்பு ஏறியதும் அதன் பதிவையும் வரியையும் அங்கேயே வைத்துக்கொள்ள விரும்பினார்கள். பதிவேடுகளைக் கணினியில் ஏற்றினால் தூரம் ஒரு பொருட்டில்லை என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் வரியைத் தீர்மானிப்பதும் ரோடு போடுவதும் கணினியால் ஆகிற காரியமல்ல. எண்ணெய் லாரிகள் நொறுக்கும் ரோடு அங்கேதான் இருக்கிறது.

கனமான ஆட்சேபணை வேறு. அந்த 64 பேரில் குழந்தைகளும் அடக்கம். கமிஷனர்ஸ் கோர்ட்டுக்கு மட்டுமே ஐந்து பேர் வேண்டும். நாலைந்து ஓட்டு இங்கே ஆட்சியை மாற்றும், கையாள்வதோ எண்ணெய்ச் சொத்தின் வரிப்பணம். இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. கோர்ட் அங்கேயே இருக்கட்டும். தேர்தலையும் கணக்கையும் மாநில அரசு நேரடியாகக் கண்காணிக்க வேண்டும்.