மிகையூட்டமும் ஏரியின் அழிவும்

ஏரிக்குக் கேடு விளைப்பது நஞ்சு மட்டுமே என எண்ணுதல் தவறு. பயிரை வளர்க்கும் உரமும் அளவு கடந்தால் ஏரியை அழித்துவிடும். இக்கேட்டினை மிகையூட்டம் என்பர். வட அமெரிக்காவின் ஈரீ ஏரி இதற்குத் தக்க சான்றாகும்.

பாஸ்பரசும் நைட்ரஜனும் பயிருக்குப் போலவே பாசிக்கும் உணவாகும். கழிவுநீரோடும் வயல்நீரோடும் இவை ஏரியிற் சேரும்போது பாசி பெருகி நீர்ப்பரப்பை மூடுகிறது. பின்னர் அது மடிந்து அடியிற் படிகிறது. அதனை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் நீரிற் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிட்டுவிடுகின்றன. கோடையில் வெப்பமான மேல்நீர் குளிர்ந்த அடிநீரோடு கலவாமையால் அவ்விழப்பு ஈடுசெய்யப்படுவதில்லை. அடியில் வாழும் ஜீவராசிகள் மூச்சுத் திணறி மாளுகின்றன. பிராணவாயு அற்ற சேறோ தன்னுள் கட்டுண்டிருந்த பாஸ்பரசை மீண்டும் நீரில் விடுகிறது. இவ்வாறு நோயே நோயை வளர்க்கிறது.

ஐம்பேரேரிகளுள் ஈரீ ஆழம் குறைந்தது. அதன் மேற்குப் பகுதிச் சேற்றில் வளர்ந்து, கோடையில் ஈசல்போல் திரள்திரளாய்ப் பறந்த பூச்சியினம் ஒன்று, 1953இல் பிராணவாயுக் குறைவால் பெரும்பாலும் அழிந்தது. 1960களில் செய்தித்தாள்கள் ஈரீயை இறந்த ஏரி என்றே எழுதின. பாஸ்பேட் கலந்த சலவைத்தூளைச் சிலர் குறை கூறினர். வேறு சிலர் கார்பனே காரணம் என வாதிட்டனர். 1973இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் சிற்றேரி ஒன்றைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பாதியிலும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒன்றில் மட்டும் பாஸ்பரசையும் சேர்த்தனர். அப்பாதி பச்சையாயிற்று, மற்றது தெளிந்தே இருந்தது.

இதற்கு முந்திய ஆண்டிலேயே அமெரிக்காவும் கனடாவும் உடன்படிக்கை செய்திருந்தன. நகரக் கழிவுநீரிலும் சலவைத்தூளிலும் பாஸ்பரஸ் குறைக்கப்பட்டது. 1980களில் ஏரி தெளிந்தது. 1990களில் அப்பூச்சிகளும் திரும்பின.

ஆயினும் 1990களின் நடுவிலிருந்து பாசி மீண்டும் பெருகலாயிற்று. இம்முறை பாஸ்பரஸ் பெரிதும் மாமீ ஆற்று வடிநிலத்து வயல்களினின்று வந்தது. உரமும் சாணமும் மழைநீரிற் கரைந்து, நிலத்தடி வடிகுழாய்கள் வழியே ஆற்றை அடைந்தன. 2014 ஆகஸ்டில் டொலீடோ நகரின் குடிநீரில் பாசிநஞ்சு காணப்படவே, 4 லட்சத்திற்கு மேற்பட்டோர் குழாய்நீரைப் பருகலாகாது என எச்சரிக்கப்பட்டனர். காய்ச்சினாலும் அந்நஞ்சு நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவே மிகும். 2016இல் இரு நாடுகளும் பாஸ்பரஸ் வரத்தை 2008ஆம் ஆண்டின் அளவினின்று 40 சதவிகிதம் குறைக்க இலக்கு வகுத்தன.

முதற்கேட்டிற்குக் காரணமான குழாயைச் சுட்டிக்காட்ட முடிந்தது. ஆகவே அதனைத் திருத்தவும் முடிந்தது. இரண்டாவதோ ஆயிரக்கணக்கான வயல்களினின்று சிறிது சிறிதாய் வருவது. அங்கு உழைப்பவர் எவரும் ஏரியைக் கெடுக்க எண்ணியவரல்லர். குற்றத்தைத் தனியொருவர்மேல் வைத்தே பேசப் பழகிய நாம், பலரும் அறியாது கூடிச் செய்யும் தீங்கினை மக்களுக்கு எங்ஙனம் உணர்த்துவோம்? ஈரீ நம்முன் வைக்கும் வினா இதுவே.