நல்லெண்ணெயும் பழைய பரலும்

பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பது எங்கள் வழக்கம். சுகர் லேண்டுக்கு வந்தும் அது விட்டுப்போகவில்லை. ஊரிலிருந்து வருபவர்களிடம் சொல்லி எண்ணெய் எடுப்பிக்கிற வீடுகளும் உண்டு. அவர்கள் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

1977, 78 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் 20க்கு மேற்பட்ட இளம் பெண்களுக்குக் கைகால் நரம்புகள் பாதிக்கப்பட்டன. வைத்தியர்கள் சேனநாயக்கவும் ஜெயரட்ணமும் காரணத்தை ஆராய்ந்து 1981இல் லான்செட் சஞ்சிகையில் எழுதினார்கள். பிள்ளைகளுக்குச் சத்துக்கென்று கொடுத்த நல்லெண்ணெயில் ட்ரைகிரசைல் பொஸ்பேற்று என்ற நஞ்சு இருந்தது. இது மெசின் எண்ணெய்களில் தேய்மானத்தைக் குறைக்கச் சேர்ப்பது. முன்பு கனிய எண்ணெய் இருந்த கொள்கலன்களில் நல்லெண்ணெயை ஏற்றியதால் கலந்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. குடித்து ஒன்று முதல் மூன்று கிழமை சென்றே கால் சோரும். எண்ணெயில் யாருக்குச் சந்தேகம் வரும்? மொறோக்கோவில் 1959இல் விமான எஞ்சின் எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் சுமார் 10,000 பேர் முடமானார்கள்.

பரிசோதனைக் கூடங்களில் ஹோல்டே சோதனை செய்வார்கள். 1 மில்லிலீற்றர் எண்ணெயைப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு கரைத்த அற்ககோலுடன் கொதிக்கவிட்டுச் சுடுநீர் சேர்ப்பார்கள். மரக்கறி எண்ணெய் சவர்க்காரமாகிக் கரைந்து தெளிவாக நிற்கும். கனிய எண்ணெய் சவர்க்காரமாகாது, கலங்கிக் காட்டும். ஆனால் மிகச் சிறிதளவு கலப்பை இது காட்டாது. அதற்குக் காஸ் குரோமட்டோகிராபிக் கருவி வேண்டும். வீட்டில் செய்யப் போகாதீர்கள், தீயும் பிடிக்கும், கையும் வேகும். மணந்து பார்த்தும் பயனில்லை. சுத்திகரித்த கனிய எண்ணெய்க்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

வேலையிடத்தில் கிடைத்த வெறும் பிளாஸ்ரிக் பரல் ஒன்றை நானும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். தண்ணீர் நிரப்பிய மறுநாள் மேலே வானவில் நிறத்தில் படை மிதந்தது. பிளாஸ்ரிக் எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். "இதிலேயோ அரிசி போட்டு வைக்கச் சொன்னனீங்கள்?" என்று மனைவி கேட்டா. பதில் சொல்ல வாய் வரவில்லை.

உணவுத் தொழிற்சாலையில் சேர்ந்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். உணவு தொடும் இடத்து மெசினுக்கு எச்1 என்று குறித்த எண்ணெய் மட்டுமே. அதுகூட உணவில் பத்து இலட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக்கூடாதென்பது இந்நாட்டுச் சட்டம். வேறு கிறீஸ் பூசக் கண்டால் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

நல்லெண்ணெயை முத்திரை உடையாத போத்தலில் வாங்குங்கள். சந்தேகமான எண்ணெயைக் குடித்துவிட்டால் 1-800-222-1222 நஞ்சுத் தடுப்பு நிலையத்தை உடனே அழையுங்கள். இரவு பகல் இலவசம், மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். மிச்ச எண்ணெயை ஊற்றிவிடாமல் போத்தலோடு எடுத்து வையுங்கள், சோதிக்க அதுதான் வேண்டும்.