புதிய ஒலிபெருக்கி பழக வேண்டுமா?



புதுச் செருப்புக் காலைக் கடிக்கும், நாளடைவில் மெத்தென்றாகும். புதிய ஒலிபெருக்கியும் அத்தகையதே என்று கூறுவோர் உளர். தில்லியில் நான் ஒரு ஜோடி ஒலிபெருக்கி வாங்கினேன். வீட்டில் நாகசுரம் கேட்டபோது ஒலி காதைக் குத்திற்று. நூறு மணி நேரம் ஒலித்தால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். பொருளை மாற்றிக் கொள்ளும் தவணையோ பத்தே நாள்! நாள்தோறும் ஒரு மணி நேரம் கேட்பவர் நூறு மணியை எட்ட மூன்று திங்களுக்கு மேலாகும். அவர் கூற்றில் உண்மை எவ்வளவு?

முற்றிலும் பொய்யன்று. இன்று வழங்கும் கூம்பு ஒலிபெருக்கியின் அமைப்பை ரைஸ், கெல்லாக் என்னும் அமெரிக்கப் பொறியியலார் இருவர் 1925-ல் விளக்கினர். காந்தத்தின் இடையே ஒரு கம்பிச் சுருள். அதனோடு இணைந்த கூம்பு. நடுவே விறைப்பான மடிப்புத் துணியும், விளிம்பில் ரப்பர் வளையமும் கூம்பைத் தாங்குகின்றன. கூம்பு முதன்முதல் நன்கு அசையும்போது, கஞ்சியிட்ட வேட்டி தளர்வதுபோல, இவையும் சிறிது தளர்கின்றன. ஆனால் அத்தளர்ச்சியில் பெரும்பகுதி முதற்சில நிமிடங்களிலேயே முடிந்துவிடும். அதன் விளைவும் பெரும்பாலும் தாழ்ந்த ஒலிகளிலேதான். காதைக் குத்தும் கூர்மை அதனால் தணியாது.

பிற உறுப்புகளின் செய்தி என்ன? வால்வுப் பெருக்கி சூடேறச் சில நிமிடம் வேண்டும். அது ஒவ்வொரு முறையும் நிகழ்வது, புதுமையால் வருவதன்று. இணைக்கும் செம்புக் கம்பியோ எத்தனை நாள் ஒலித்தாலும் அதே கம்பிதான்.

அங்ஙனமாயின், ஒரு திங்கள் சென்றபின் ஒலி இனிமையாகத் தோன்றுவது ஏன்? பழகியது பெரும்பாலும் நம் செவியே. ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இது புதிதன்று. ரயில் நிலையத்தருகே குடிபுகுந்தால் முதல் வாரம் உறக்கம் வாராது. பின்னர் வண்டி போவதே தெரியாது. ரயில் மாறவில்லை, நாம் மாறினோம்.

ஐயம் தீர வழியுண்டு. நெடுநாள் ஒலித்த அதே வகை ஒலிபெருக்கியைப் புதியதன் அருகில் வைத்து, எது ஒலிக்கிறதென்று தெரியாதவாறு பிறரை மாற்றி மாற்றி இயக்கச் சொல்லுங்கள். இரண்டின் ஒலியளவும் சமமாயிருத்தல் வேண்டும். சற்றே உரத்து ஒலிப்பது நயமானதென்று செவி ஏமாறும்.

வெற்றுச் சுவரும் வெறுந்தரையும் ஒலியைக் கூர்மையாக்கும். ஆதலால் நான் திரை தொங்கவிட்டு, ஜமக்காளம் விரித்து, ஒலிபெருக்கியை இடம் மாற்றிப் பார்த்தேன். குறை பாதி தீர்ந்தது, மறுபாதி நின்றது. ஒன்பதாம் நாள் அதனைத் திருப்பிக் கொடுத்தேன். நேயர்களும் தவணைக்குள் கேட்டு, தவணைக்குள்ளேயே முடிவு செய்வது நலம்.