விசை மாறிய விரல்கள்

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவுக்குக் கப்பலேறிய ஆர். முத்தையா என்னும் பெரியாரே தமிழுக்குத் தட்டெழுத்துப்பொறி சமைத்தளித்தவர். இருநூற்று நாற்பத்தேழு எழுத்துக்களை அச்சிறு பொறியில் அடக்குவது எங்ஙனம்? எழுத்தைத் துண்டாடினார். கொம்புக்கு ஒரு விசை, அரவுக்கு ஒரு விசை. புள்ளிக்கும் விசிறிக்கும் அடித்தாலும் நகராத விசைகள். இரும்புப் பொறிக்கு இதனினும் நல்ல வழி இருந்திருக்குமோ என்பது ஐயமே.

கணினிக்கு நகர வேண்டிய வண்டி இல்லை. எனினும் நம் நாட்டிற் பாமினி எழுத்துருவோடு அப்பழைய ஒழுங்கே திரைக்கும் குடிவந்தது. நிலாவெளியில் ஆசிரியத் தொழில் புரிந்த எனக்கும் இருபதாண்டுகள் அதுவே கைப்பழக்கம். சென்ற ஆண்டுதான் ‘தமிழ் 99’ முறைக்கு மாறினேன்.

1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி எழுந்த முறை அது. உயிர் பன்னிரண்டும் இடப்புறம். மெய்களிற் பெரும்பாலானவை வலப்புறம். ‘கொ’ என்று எழுதப் பழைய முறையிற் கொம்பு, ககரம், அரவு என மூன்று தட்டுக்கள்; இங்கே ககரமும் ஒகரமும் போதும். மகரத்தை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்தமரும்; ‘அம்மா’ நான்கே தட்டில் முடியும். ‘மமதை’ என்று எழுதவோ இடையில் அகரம் ஒன்று தட்டவேண்டும். மமதைக்குச் சற்றுக் கூடுதல் உழைப்பு வேண்டுமென்பது எனக்கு உவப்பே!

முதல் மாதம் பெருந்துன்பம். மூளை அறிந்ததை விரல் ஏற்க மறுத்தது. யப்பானியரும் இவ்வல்லல் அறிந்தவரே. கட்டைவிரலையும் துணைக்கழைக்கும் விசைப்பலகையொன்றை 1980இல் புஜித்சு நிறுவனம் அங்கு வெளியிட்டது. அதனைப் போற்றியோர் பலர். ஆயினும் உரோமன் எழுத்திலே தட்டி யப்பானிய எழுத்தைப் பெறும் வழக்கமே அந்நாட்டில் வென்றது. நம் இளைஞரும் ஆங்கில எழுத்திற் தமிழைத் தட்டும்போது அந்நினைவு வருகின்றது.

ஒன்றை மாணவர் பிரித்தறிதல் வேண்டும். விசை ஒழுங்கு வேறு, எழுத்துக் குறியேற்றம் வேறு. ஒருங்குறியையும் பாமினி ஒழுங்கிலே தட்டலாம். அலுவலகத்தில் விரைவே பிழைப்பாக உள்ளோர் விரலை மாற்றவேண்டியதில்லை. ஆனாற் பழைய பாமினிக் கோப்புக்களின் நிலை வேறு. அவை உள்ளே உரோமன் எழுத்துக்களாகவே உறைகின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் பிதற்றல்.

2004 மார்கழி 26இல் கடல் ஊருக்குள் புகுந்தபின் முதியோர் சொன்னவற்றை நான் தொகுத்தவை அவ்வாறே கிடந்தன. மாற்றியிற் கொடுத்து ஒருங்குறியாக்கினேன். இடையிடையே இருந்த ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாயின. இறந்தோர் பெயர்களை மட்டும் மாற்றியை நம்பி விடவில்லை. உறவினரை அருகிருத்தி எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கினேன். தட்டப்படாத கொப்பிகள் இன்னும் மூன்று உள. புறாமலையைச் சூழ்ந்த கடலின் பழைய மீன்பெயர்கள் அவற்றில் இருக்கின்றன. சொன்னவர்களில் இருவரே இன்று இருக்கிறார்கள். ஆதலால் நாள்தோறும் காலையில் இரண்டு பக்கம் தட்டுகிறேன்.