"ஈர மருந்துதானேன்னு இருக்காதீங்க!" பனியும் தூறலும் பட்டாசுக்கு எமன்

சிவகாசி, டிச. 20-

மார்கழி பிறந்துவிட்டால் சிவகாசி வட்டாரத்தில் சூரியன் லேட்டாகத்தான் முகம் காட்டும். விடிகாலையில் பனிமூட்டம். பகலில் மப்பு. நடுநடுவே தூறல். வடகிழக்குப் பருவமழை விடைபெறும்வரை இந்தக் கூத்து நீடிக்கும். பனியோ அதற்குப் பிறகும் விடாது. "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று பழமொழியே இருக்கிறது.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது போர்வைக்குள் சுருண்டு படுக்கிற காலம். பட்டாசுத் தொழிலாளிக்கோ வயிற்றையும் உயிரையும் கையில் பிடித்துக்கொள்கிற காலம்.

வெயிலை நம்பிய ஊர்

1920-களில் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் அய்ய நாடாரும் சண்முக நாடாரும். அந்தத் தொழில் இங்கே வேரூன்றக் கைகொடுத்தது கந்தக பூமியின் வறண்ட வெயில்தான். தீக்குச்சி, கம்பி மத்தாப்பு, பேன்சி ரக வெடிக்கான மணி மருந்து எல்லாமே காய்ந்தால்தான் சரக்கு.

பட்டாசு ஆலையில் பெரும்பாலும் பீஸ் ரேட் கூலி. காயவில்லை என்றால் அடுத்த வேலை ஓடாது. வேலை ஓடாவிட்டால் கூலி கிடையாது. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி கடைக்காரரிடம் கடன் சொன்னவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

அச்சகங்களும் தப்பவில்லை. புத்தாண்டு காலண்டர் வேலை மும்முரமாக நடக்கிற நேரத்தில் காற்றின் ஈரத்தில் பேப்பர் சுருளும். மை காய நேரமாகும்.

நனைந்தால் ஆபத்து ஏன்?

"நனைஞ்ச மருந்து எங்கே வெடிக்கப்போவுது?" என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் நேர் மாறானது.

வெளிச்சம் தருகிற பட்டாசுகளில் அலுமினியப் பவுடர் சேர்க்கிறார்கள். இந்தப் பவுடரில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் சூடு கிளம்பும். எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். கலவையில் நைட்ரேட் உப்பு இருந்தால் அமோனியா வாடையும் அடிக்கும். குவித்து வைத்த மருந்தில் சூடு வெளியேற வழி இருக்காது. ஏறிக்கொண்டே போய் தானாகவே தீப்பிடித்துவிடும். "மருந்து நீர்த்துப்போச்சு" என்று தொழிலாளர்கள் பயந்து சொல்வது இதைத்தான். இதைத் தடுக்க போரிக் அமிலம் சேர்ப்பது உண்டு. ஆனால் அதுவே முழுப் பாதுகாப்பு ஆகிவிடாது.

முதல் நாள் மிச்சமான கலவையை மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கிளறுவது பாம்புப் புற்றில் கை விடுவது மாதிரி.

தூறல் போட்டால் ஓட்டம்

மேடையில் காய்கிற சரக்கின் மீது திடீரென்று தூறல் விழுந்தால் எல்லோரும் அள்ளிக்கொண்டு ஓடுகிறார்கள். அவசரத்தில் தட்டு கீழே விழலாம், மருந்து உரசலாம். ஒதுங்க இடம் இல்லாமல் ஒரே அறையில் ஆளும் சரக்கும் நெருக்கிக்கொண்டு நின்றால், ஒரு பொறி விழுந்தாலும் ஒருவரும் தப்ப முடியாது.

குளிர் காலத்தில் விபத்து வராது என்பதும் பொய். 2021 பிப்ரவரி 12-ந் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் நடந்த வெடி விபத்தில் 19 பேருக்கு மேல் பலியானார்கள். 2024 பிப்ரவரி 17-ந் தேதி வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 10 பேர் உயிர் போனது. இவை ஈரத்தால் நடந்தவை என்று சொல்வதற்கில்லை. ஆனால் இரண்டுமே பனிக் காலத்தில் நடந்தவை.

சாலையிலும் கண்டம்

வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணை கிராமங்களில் இருந்து தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு காலையிலேயே வேன்கள் கிளம்பிவிடும். பனிமூட்டத்தில் எதிரே வருவது லாரியா, மாட்டு வண்டியா என்று தெரியாது. மதுரை-கன்னியாகுமரி நான்கு வழிச் சாலையிலும் இதே கதைதான். டிரைவர்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் போவது நல்லது.

என்ன செய்யணும்?

* அன்றைக்குத் தேவையான மருந்தை மட்டும் கலக்க வேண்டும். மிச்சம் வைக்கக் கூடாது.

* நனைந்த மருந்தைக் காய்ந்த சரக்கோடு சேர்க்கக் கூடாது.

* பாத்திரம் சுட்டாலோ, நெடி வந்தாலோ தொடாமல் உடனே வெளியேறி போர்மேனிடம் சொல்ல வேண்டும்.

* இடி, மின்னல் என்றால் வேலையை நிறுத்திவிட்டு விலகிப் போக வேண்டும்.

* வானம் மூடியிருக்கிற நாளில் "சரக்கு எங்கே?" என்று முதலாளிகள் விரட்டக் கூடாது.

ஒரு நாள் கூலி போனால் வெயில் அடித்ததும் சம்பாதித்துக் கொள்ளலாம். உயிர் போனால் யார் தருவார்கள்?