பொட்டலத்தில் உறங்கும் ஈஸ்ட்

பன் செய்ய நாம் வாங்கும் உலர் ஈஸ்ட்டில் ஈரம் ஏறக்குறைய 5 சதவீதம்தான். இந்த அளவுக்கு வற்றினால் பெரும்பாலான உயிரணுக்களின் சவ்வு சிதையும், புரதங்கள் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஈஸ்ட்டோ, வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் போட்ட பத்து நிமிடத்தில் நுரைத்துக்கொண்டு எழுகிறது.

அதைக் காப்பது ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை. இரண்டு குளுக்கோஸ்கள் முதுகோடு முதுகு ஒட்டிய அமைப்பு. வினைபுரியும் முனைகள் இரண்டும் பிணைப்புக்குள் அடங்கிவிடுவதால் யாரிடமும் வம்புக்குப் போகாது. நீர் விலகிய இடத்தில் நின்று புரதத்தையும் சவ்வையும் தாங்கிப் பிடிக்கும். புத்தகங்கள் இதைச் ‘சேமிப்புச் சர்க்கரை’ என்கின்றன. எனக்கென்னவோ அந்தப் பெயர் போதவில்லை. சேமிப்புக்குத்தான் ஈஸ்ட்டிடம் கிளைக்கோஜன் இருக்கிறதே. இது பெரும்பாலும் கவசம்.

இது உருவாகும் விதத்தை 1953-ல் அர்ஜென்டினாவில் லூயிஸ் லெலுவாரும் என்ரிகோ காபிபும் காட்டினார்கள். லெலுவாருக்கு 1970-ல் நோபல் பரிசு கிடைத்தது. யுடிபி என்ற மூலக்கூறு சுமந்துவரும் ஒரு குளுக்கோஸை, பாஸ்பேட் ஏந்திய இன்னொரு குளுக்கோஸோடு ஒரு நொதி இணைக்கிறது. அடுத்த நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றினால் ட்ரெஹலோஸ் தயார்.

பாஸ்பேட் கழறாத அந்த அரைவேக்காட்டுப் பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. உள்ளே வரும் குளுக்கோஸுக்கெல்லாம் பாஸ்பேட் ஒட்டும் ஹெக்ஸோகைனேஸ் நொதியை அது இழுத்துப் பிடிக்கிறது. முதல் நொதி இல்லாத ஈஸ்ட்டில் அந்தக் கடிவாளம் கிடையாது. வந்த குளுக்கோஸுக்கெல்லாம் கையிருப்பு ஆற்றலைக் கொட்டிவிட்டு, சர்க்கரைக்கு நடுவிலேயே வளராமல் முடங்கிப்போகும்.

ட்ரெஹலோஸை உடைக்கும் நொதியின் பெயர் ட்ரெஹலேஸ். உறங்கும் ஈஸ்ட்டுக்குக் குளுக்கோஸ் கிடைத்ததும், இந்த நொதியின்மேல் பாஸ்பேட் ஒட்டப்பட்டு அது முடுக்கிவிடப்படும். கவசம் சில நிமிடங்களில் கரையத் தொடங்கும். சூட்டிலிருந்து தப்பிய ஈஸ்ட்டும் கவசத்தைக் கழற்றியாக வேண்டும். புரதங்களைக் காத்த அதே சர்க்கரை, சூடு தணிந்த பிறகும் தங்கினால் அவை திரும்பச் சரியாக மடிவதற்கு இடைஞ்சல்.

ஈஸ்ட் ஆலைகளுக்கு இந்தக் கணக்கு தெரியும். அறுவடைக்கு முன் நைட்ரஜன் ஊட்டத்தைக் குறைப்பார்கள். வளர்ச்சி தளர்ந்து ட்ரெஹலோஸ் ஏறும். உறைமாவு செய்பவர்களுக்கோ இதே உடைப்புதான் தலைவலி. புளிக்கத் தொடங்கிய மாவில் கவசம் ஏற்கெனவே கரைந்திருக்கும், உறையவைத்தால் ஈஸ்ட் நிறையச் சாகும். ஜப்பானில் ட்ரெஹலேஸ் மரபணுவை முடக்கிய ஈஸ்ட்டை உருவாக்கிப் பார்த்தார்கள். புளித்த பிறகும் கவசத்தைக் கழற்றாத அந்த ஈஸ்ட், உறைபனியைக் கூடுதலாகத் தாங்கியது.